ஒரு சார்பை இடைவெளிக்குள் வரைவது: பைத்தானில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

லேபில் உட்காரும்போது ஜூனியர் பிள்ளைகள் கேட்ட கேள்விகளையும், நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டதையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் பைத்தான், அதில் எண் வரிசைகளைக் கணக்கிடும் நம்பை நூலகம், படம் வரையும் மேட்பிளாட்லிப் நூலகம் பற்றித்தான். நடுநடுவே மேட்லாப், ஆர், க்னூபிளாட் என்ற வேறு மென்பொருள்களும் எட்டிப்பார்க்கும். நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அடிப்படையிலிருந்து சொல்லுங்கள். ஒரு சார்பை வரைய குறைந்தபட்சம் எத்தனை வரி வேண்டும்?

ஆறு வரி. ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிவிட்டால் ஆடி ஆடி அடங்குமே, அந்த வடிவத்தை 0 முதல் 10 வரை வரைவதாக வைத்துக்கொள்வோம்:

இம்போர்ட் நம்பை ஆஸ் என்பி
இம்போர்ட் மேட்பிளாட்லிப்.பைபிளாட் ஆஸ் பிஎல்டி
எக்ஸ் = என்பி.லின்ஸ்பேஸ்(0, 10, 500)
ஒய் = என்பி.எக்ஸ்ப்(-0.2*எக்ஸ்) * என்பி.சைன்(3*எக்ஸ்)
பிஎல்டி.பிளாட்(எக்ஸ், ஒய்)
பிஎல்டி.ஷோ()

மூன்றாவது வரிதான் இதில் உயிர். 0-க்கும் 10-க்கும் நடுவே சம தூரத்தில் 500 எண்களை எடுத்து எக்ஸில் வைக்கிறது. நான்காவது வரி அந்த 500 எண்களுக்கும் ஒரே மூச்சில் விடை கண்டுபிடிக்கிறது. ஐந்தாவது வரி அந்த 500 புள்ளிகளையும் வரிசையாக நேர்கோட்டுத் துண்டுகளால் இணைக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் எழுதிய சூத்திரம் பிளாட் என்ற கட்டளையின் காதில் விழவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதன் கைக்குப் போவது இரண்டு எண் வரிசைகள் மட்டும்தான். நடுவில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலாது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

கணினியில் எதையும் நிறுவ முடியவில்லை, லேப் மெஷினில் அனுமதி இல்லை. என்ன செய்வது?

கூகுள் கோலாப் திறந்து தட்டுங்கள். நம்பையும் மேட்பிளாட்லிப்பும் அதில் ஏற்கெனவே இருக்கும், பிரவுசர் போதும்.

எத்தனை புள்ளி எடுக்க வேண்டும்? 50 போதாதா? லின்ஸ்பேஸே 50-தானே தருகிறது?

மூன்றாவது எண்ணைக் கொடுக்காமல் விட்டால் லின்ஸ்பேஸ் 50 புள்ளிதான் தரும், உண்மை. ஒரு பரவளையத்துக்கோ நேர்கோட்டுக்கோ அது தாராளம். ஆனால் அந்த 50-ஐ நம்பி நான் அவமானப்பட்ட கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உச்ச மதிப்பு ஏறக்குறைய 325 வோல்ட். இதை 0 முதல் 1 நொடி வரை வரையச் சொல்லி ஒரு பயிற்சி. நான் டி = என்பி.லின்ஸ்பேஸ்(0, 1) என்று போட்டு, 325*என்பி.சைன்(2*என்பி.பை*50*டி) என்று எழுதி ஓட்டினேன். பாடப்புத்தக அட்டையில் போடலாம் போல அழகான ஒரு சைன் அலை வந்தது, மேலே ஒரு மேடு, கீழே ஒரு பள்ளம். பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டிவிட்டேன். வைவாவில் எதிரே உட்கார்ந்தவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, ஐம்பது சைக்கிள் எங்கே? இது ஒரு நொடிக்கு ஒரு சைக்கிள்தானே ஓடுது?" என்றார். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் சூத்திரம் சரி.

நடந்தது இதுதான். 50 புள்ளிகளுக்கு நடுவே 49 இடைவெளி. ஆக ஒவ்வொரு புள்ளியும் 1/49 நொடி தள்ளி விழுகிறது. அந்த 1/49 நொடிக்குள் நம் அலை 50/49 சுற்று, அதாவது ஒரு முழுச் சுற்றும் அதற்கு மேல் 1/49 சுற்றும் ஓடிவிடுகிறது. முழுச் சுற்று ஓடினால் பழைய இடத்துக்கே திரும்பி வந்த மாதிரி, அது புள்ளியில் தெரியாது. மிச்சம் தெரிவது அந்த 1/49 மட்டும். 49 தடவை இப்படி நகர்ந்தால் மொத்தம் ஒரே ஒரு சுற்று. ஐம்பது அலையில் நாற்பத்தொன்பதை விழுங்கிவிட்டு ஒன்றைக் காட்டியது படம், அதுவும் கொஞ்சம்கூடச் சந்தேகம் வராத மாதிரி. சினிமாவில் வண்டிச் சக்கரம் மெதுவாகச் சுற்றுவது போலத் தெரியுமே, அதே சங்கதி.

இன்னொரு வேடிக்கை. இதே சூத்திரத்தை மேட்லாப்பிலோ, அதே மாதிரி ஓடும் இலவச மென்பொருளான ஆக்டேவிலோ லின்ஸ்பேஸ் வைத்து எண்ணைக் குறிப்பிடாமல் வரைந்தால் அங்கே 100 புள்ளி. ஒவ்வொரு அடியிலும் அரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாக ஓடுவதால் புள்ளிகள் மேலும் கீழுமாக மாறி மாறி விழுந்து, நடுவில் உப்பிய பின்னல் மாதிரி ஒரு படம் வரும். க்னூபிளாட்டும் 100 புள்ளிதான், அதே பின்னல். ஆர் மொழியின் கர்வ் கட்டளை 101 புள்ளி எடுக்கும். அதில் ஒவ்வொரு அடியும் மிகச் சரியாக அரைச் சுற்று, ஆகவே எல்லாப் புள்ளியும் பூச்சியத்தில் போய் உட்காரும். பூச்சியம் ஆகவேண்டிய இடத்தில் கணக்கீட்டுத் தூசி கொஞ்சம் மிஞ்சுமல்லவா, அந்தத் தூசியை அச்சு பெரிதாக்கிக் காட்டும், நீங்களும் ஏதோ சிக்னல் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒரே சூத்திரம், ஒரே இடைவெளி, மூன்று படம், மூன்றும் பொய்.

அப்படியானால் சரியான எண்ணிக்கை எது?

உங்கள் சார்பு அந்த இடைவெளிக்குள் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று முதலில் கையால் ஒரு கணக்குப் போடுங்கள். ஓர் அலைக்கு 30, 40 புள்ளியாவது இருந்தால் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். ஐம்பது அலைக்கு 2000. ஆனால் ஐம்பது அலையை ஒரே படத்தில் திணித்தால் எப்படியும் மை கொட்டிய மாதிரிதான் இருக்கும், அதனால் 0 முதல் 0.1 நொடி வரை மட்டும் எடுத்து ஐந்து அலையைக் காட்டுவது புத்திசாலித்தனம்.

சாதாரண சார்புகளுக்கு நான் 500 போடுவேன், அதற்கு ஒரு காரணமும் உண்டு. மேட்பிளாட்லிப்பின் இயல்பான படம் 6.4 அங்குல அகலம், அங்குலத்துக்கு 100 பிக்சல், ஆக 640 பிக்சல். ஓரங்களை விட்டுவிட்டால் கோடு வரையும் சட்டத்துக்குக் கிடைப்பது அதில் 0.775 பங்கு, 496 பிக்சல். 500 புள்ளி என்றால் பிக்சலுக்கு ஒன்று. நல்லது. அதற்கு மேல் போட்டாலும் கெடுதல் இல்லை, பத்தாயிரம் போட்டாலும் நொடியில் வந்துவிடும்.

சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை: புள்ளி எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கி, அதோடு 7 கூட்டி மறுபடி வரையுங்கள். படம் மாறினால் முதல் படத்தை நம்ப வேண்டாம். 7 எதற்கு என்றால், இரட்டிப்பு மட்டும் செய்தால் சில சமயம் அதே பொருத்தத்தில் மறுபடி மாட்டிக்கொள்ளும். 7-க்குத் தனி மகிமை எதுவும் இல்லை, 11 போட்டாலும் சரி.

லின்ஸ்பேஸ், அரேஞ்ச், இரண்டில் எது?

இடைவெளியை வரைவதற்கு லின்ஸ்பேஸ். அரேஞ்சுக்கு நீங்கள் கொடுப்பது அடியின் நீளம், கடைசி எண்ணை அது சேர்க்காது என்பது விதி. அந்த விதியைக்கூட அது எப்போதும் காப்பாற்றாது. என்பி.அரேஞ்ச்(1, 1.3, 0.1) என்று தட்டிப் பாருங்கள், 1, 1.1, 1.2 என்று மூன்று எண் வர வேண்டும், ஆனால் 1.3-ம் சேர்ந்து நான்கு வரும். 0.1 என்ற எண்ணைக் கணினியால் இரும முறையில் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது, அந்த அணு அளவு பிசகு கடைசியில் ஒரு புள்ளியைக் கூட்டிவிடுகிறது. லின்ஸ்பேஸில் இந்தத் தொல்லை இல்லை, இரண்டு முனையும் உள்ளே, எண்ணிக்கையும் நீங்கள் சொன்னதே.

அரேஞ்சால் வரும் இன்னொரு கண்ணி: தசமம் இல்லாத எண்களைக் கொடுத்தால் முழு எண் வரிசைதான் வரும். அதை வைத்து எக்ஸ்**-2 போட்டால், முழு எண்ணை எதிர்ம அடுக்குக்கு உயர்த்த அனுமதி இல்லை என்று கோபித்துக்கொண்டு நிற்கும். அது பரவாயில்லை, சொல்லிவிட்டு நிற்கிறது. சொல்லாமல் கழுத்தறுப்பது இது: என்பி.அரேஞ்ச்(0, 100)**10. 78 வரை ஒழுங்காக ஏறும் கோடு 79-இல் திடீரென்று பாதாளத்துக்குப் போய் எதிர்ம எண்ணாகிவிடும். 64 பிட் முழு எண்ணில் அடங்காமல் வழிந்துவிட்டது, அவ்வளவுதான், எச்சரிக்கைகூட வராது.

எக்ஸ் வர்க்கம் போட்டேன், என்னென்னவோ பிழை வருகிறது.

கூரைக் குறி (^) போட்டிருப்பீர்கள். மேட்லாப்பிலும் கால்குலேட்டரிலும் அடுக்குக்கு அது சரி. பைத்தானில் அது வேறு வேலை செய்யும் குறி, பிட்டுகளை ஒப்பிடுவது. இங்கே அடுக்குக்கு இரண்டு நட்சத்திரம் (**). 2எக்ஸ் என்று ஒட்டி எழுதினாலும் ஓடாது, 2*எக்ஸ் என்று பெருக்கல் குறி போட வேண்டும்.

மேட்லாப்பில் தலைகீழ்ப் பிரச்சினை. அங்கே கூரைக் குறி சரி, ஆனால் அதற்கு முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் மொத்த வரிசையையும் அணி என்று எடுத்துக்கொண்டு அணிப் பெருக்கல் செய்யப் போய்விடும். க்னூபிளாட்டில் இன்னும் குறும்பு: எக்ஸ்**(1/2) என்று வர்க்கமூலம் வரையப் போனால் 1-இல் ஒரு படுக்கைக் கோடு வரும். அங்கே 1/2 என்பது முழு எண் வகுத்தல், விடை 0; எதையும் 0 அடுக்குக்கு உயர்த்தினால் 1. 1.0/2 என்று எழுதினால் சரியாகிவிடும். இதற்கு நான் ஒரு மாலைப்பொழுதைப் பலி கொடுத்திருக்கிறேன்.

மேத் நூலகத்தின் சைன் வேலை செய்யவில்லையே?

மேத்.சைன் ஒரு எண்ணை மட்டும் வாங்கும். நீங்கள் 500 எண்களைக் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள். என்பி.சைன் என்று மாற்றுங்கள். கோஸ், வர்க்கமூலம், எக்ஸ்ப் எல்லாவற்றுக்கும் இதே பதில்.

எக்ஸையும் ஒய்யையும் கொடுத்தால் 'முதல் பரிமாணம் ஒன்றாக இல்லை' என்கிறது.

இரண்டு வரிசையிலும் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. இதற்கு நான் பார்த்த காரணங்கள் இரண்டு. ஒன்று, எக்ஸை நம்பை வரிசையாக இல்லாமல் சாதாரண பைத்தான் பட்டியலாக வைத்திருப்பீர்கள். பட்டியலை 2-ஆல் பெருக்கினால் எண்கள் இரட்டிப்பாகாது, பட்டியலே இரண்டு மடங்கு நீளமாகும். இரண்டாவது, மாறிலிச் சார்பு. ஒய் = 5 என்று எழுதினால் அது ஒரே ஒரு 5, எதிரே 500 எக்ஸ் நிற்கிறது. ஒய் = 5 + 0*எக்ஸ் என்று எழுதுங்கள். பார்க்க முட்டாள்தனமாக இருக்கும், வேலை செய்யும்.

சைன் 90 என்றால் 1 வர வேண்டும், 0.894 வருகிறது. நூலகத்தில் பிழையா?

இல்லை, நீங்கள் பாகையில் கேட்கிறீர்கள், அது ரேடியனில் பதில் சொல்கிறது. என்பி.டெக்2ராட் கொண்டு மாற்றிவிட்டுக் கொடுங்கள். அதே மாதிரி என்பி.லாக் என்பது இயல் மடக்கை; பள்ளியில் மடக்கை அட்டவணையில் பார்த்தது வேண்டுமென்றால் என்பி.லாக்10. என்பி.சிங்க் என்று ஒன்று இருக்கிறது, சைன் எக்ஸ் வகுத்தல் எக்ஸ் என்று நம்பி எடுத்தால் ஏமாறுவீர்கள், அது எக்ஸைப் பையால் பெருக்கிக்கொண்டுதான் கணக்கிடும்.

1/எக்ஸ் வரைந்தால் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு வருகிறது. சில சமயம் வருவதில்லை. ஏன்?

இது எனக்குப் பிடித்த கேள்வி. லின்ஸ்பேஸ்(-5, 5, 100) போடுங்கள், கோடு வரும். அந்த 100-ஐ 101 ஆக்குங்கள், மறைந்துவிடும்!

100 புள்ளி என்பது இரட்டை எண்ணிக்கை, அதனால் சரியாக 0-இல் புள்ளி விழாது. 0-க்கு இடப்பக்கம் -0.0505, வலப்பக்கம் 0.0505. அவற்றுக்கு விடை -19.8, 19.8. பிளாட் கட்டளை என்ன செய்யும்? அடுத்தடுத்த இரண்டு புள்ளி, இணைத்துவிடும். கீழே -19.8-இலிருந்து மேலே 19.8 வரை ஒரு கோடு. சார்பில் அப்படி ஒன்று கிடையாது. 101 புள்ளி எடுத்தால் நடுப்புள்ளி மிகச் சரியாக 0. 1/0 என்றதும் நம்பை ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு முடிவிலியை வைத்துவிடும், முடிவிலியை மேட்பிளாட்லிப் வரையாது, கோடு அங்கே அறுந்து நிற்கும். அதாவது எச்சரிக்கை வந்த படம்தான் சரியான படம், எச்சரிக்கையே இல்லாமல் வந்தது தவறு.

ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பி 101 போடுவது வழியல்ல. எங்கே வெடிக்கும் என்று தெரிந்தால் இடைவெளியை அங்கேயே இரண்டாக வெட்டி, -5 முதல் -0.05 வரை ஒரு தடவை, 0.05 முதல் 5 வரை ஒரு தடவை, ஒரே நிறத்தில் வரைவதுதான் சுத்தம்.

டேன் வரைந்தால் எல்லாம் தட்டையாக, அங்கங்கே ஊசி மாதிரி நிற்கிறது?

அதே நோய்தான். பை/2-க்குப் பக்கத்தில் விழுந்த ஒரே ஒரு புள்ளி நூற்றுக்கணக்கில் மதிப்பைக் கொடுத்துவிட, அதற்கு இடம் கொடுக்க ஒய் அச்சு நீண்டு, மற்றதெல்லாம் நசுங்கிவிடுகிறது. இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒய்[என்பி.ஆப்ஸ்(ஒய்) > 20] = என்பி.நான் என்று எழுதி எல்லை மீறியவற்றை 'எண் அல்ல' ஆக்குங்கள். அப்படிப்பட்ட இடத்தில் கோடு அறுந்துவிடும். அப்புறம் பிஎல்டி.ஒய்லிம்(-10, 10).

வெட்டுவதை 20-இலும் சட்டத்தை 10-இலும் வைத்திருப்பதைக் கவனித்தீர்களா? இரண்டையும் 10 என்று வைத்தால் கோடு சட்டத்தைத் தொடாமல் கொஞ்சம் முன்னாலேயே பாதியில் நின்றுபோகும், பார்க்க அசிங்கமாக இருக்கும். புள்ளிகள் மிகக் குறைவாக இருந்தால் இந்த வித்தையும் பலிக்காது, ஏனென்றால் 20-ஐத் தாண்டிய புள்ளியே ஒன்றுகூட விழாமல் போகலாம்.

துண்டு துண்டாக வரையறுத்த சார்பை எப்படி எழுதுவது? இஃப் போட்டால் 'உண்மை மதிப்பு தெளிவாக இல்லை' என்கிறது.

எக்ஸ் 0-க்குக் கீழே என்றால் எக்ஸ் வர்க்கம், இல்லையென்றால் 2எக்ஸ் கூட்டல் 1 என்று வைத்துக்கொள்வோம். இஃப் எக்ஸ் < 0 என்று கேட்டால், 500 எண்களில் பாதி ஆம் என்கிறது, பாதி இல்லை என்கிறது, அது யார் பேச்சைக் கேட்கும்? என்பி.வேர்(எக்ஸ் < 0, எக்ஸ்**2, 2*எக்ஸ்+1) என்று எழுதுங்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகத் தீர்ப்பு சொல்லும்.

ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: வேர் கட்டளைக்குள் இரண்டு பக்கமும் எல்லா எக்ஸுக்கும் முதலில் கணக்கிடப்படும், பிறகுதான் பொறுக்கி எடுக்கும். அதனால் 0-க்கு மேலே மட்டும் மடக்கை என்று எழுதியிருந்தாலும் எதிர்ம எண்ணுக்கு மடக்கை என்று எச்சரிக்கை வரத்தான் செய்யும். பயப்பட வேண்டாம், விடை சரிதான்.

இந்தச் சார்பு 0-இல் தாவுகிறது, ஆனால் படத்தில் சாய்வாக ஒரு கோடு 0-ஐயும் 1-ஐயும் இணைக்கும். கணித ஆசிரியர் கண்ணில் பட்டால் மதிப்பெண் போகும். இரண்டு துண்டையும் தனித்தனியே வரைந்துவிட்டு, சேராத முனையில் உள்ளே வெள்ளையான வட்டமும் சேரும் முனையில் நிரப்பிய வட்டமும் வையுங்கள். திறந்த இடைவெளி, மூடிய இடைவெளி என்ற வித்தியாசம் மென்பொருளுக்குத் தெரியாது, அந்த வட்டத்தை நாம்தான் வைக்க வேண்டும்.

கனமூலம் வரைந்தால் இடப்பக்கம் முழுக்கக் காலி.

எக்ஸ்**(1/3) என்று எழுதியிருப்பீர்கள். எதிர்ம எண்ணைப் பின்ன அடுக்குக்கு உயர்த்தினால் நம்பை 'எண் அல்ல' என்று வைத்துவிடும். என்பி.சிபிஆர்டி என்று கனமூலத்துக்கென்றே ஒன்று இருக்கிறது, அது -8-க்கு -2 தரும்.

ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் போய்ப் பெரிதாக்கினால் கோடு ரம்பம் மாதிரி ஆகிறது. புள்ளியைக் கூட்டினாலும் போகவில்லை.

இது வேறு வியாதி, இதற்குப் புள்ளி மருந்தல்ல. (1 - கோஸ் எக்ஸ்) வகுத்தல் எக்ஸ் வர்க்கம் என்ற சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் 0-ஐ நெருங்கும்போது இது 0.5-ஐ நெருங்கும் என்று வகுப்பில் நிரூபித்திருப்பீர்கள். -0.0000001 முதல் 0.0000001 வரை வரைந்து பாருங்கள், பல் பல்லாக வரும், நடுவில் பொத்தென்று 0-இல் விழும். எக்ஸ் 0.00000001 ஆகும்போது கோஸின் மதிப்பு 1-க்கு எவ்வளவு பக்கம் என்றால், கணினி கையில் வைத்திருக்கும் பதினாறு இலக்கத்துக்குள் அந்த வித்தியாசம் அடங்காது. 1 என்றே எழுதிவிடும். 1 கழித்தல் 1, பூச்சியம். பூச்சியத்தைப் பூச்சியமல்லாத எதால் வகுத்தாலும் பூச்சியம்.

இங்கே சூத்திரத்தைத்தான் மாற்ற வேண்டும். 1 - கோஸ் எக்ஸ் என்பதும் 2 பெருக்கல் சைன் வர்க்கம் எக்ஸ்/2 என்பதும் ஒன்றே என்று பதினொன்றாம் வகுப்பில் படித்தோமே, அதை வைத்து எழுதினால் கழித்தலே இல்லை, 0.5-இல் நேராக ஒரு கோடு வரும். முக்கோணவியல் சூத்திரமெல்லாம் எதற்கு மனப்பாடம் செய்கிறோம் என்று அப்போது புலம்பியவன் நான்.

வட்டம் வரைந்தேன், கோழிமுட்டை மாதிரி வருகிறது.

சட்டம் செவ்வகம், அதனால். பிஎல்டி.ஆக்ஸிஸ்('ஈக்வல்') என்று ஒரு வரி சேருங்கள்.

படத்தைச் சேமித்தால் வெள்ளைத் தாளாக இருக்கிறது.

ஷோவுக்குப் பிறகு சேவ்ஃபிக் எழுதியிருப்பீர்கள். ஜன்னலை மூடியதும் படமும் போய்விடும், அப்புறம் சேமிப்பது புதிதாகத் திறந்த வெற்றுப் படத்தை. சேவ்ஃபிக் முதலில், ஷோ பிறகு. ரிப்போர்ட்டில் வைக்கப் போகிறீர்கள் என்றால் பிடிஎஃப் அல்லது எஸ்விஜியாகச் சேமியுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. தயவுசெய்து திரையைப் போனில் படம் பிடித்து ஒட்டாதீர்கள்.

மேட்பிளாட்லிப் ஏன் மேட்லாப் மாதிரியே இருக்கிறது?

வேண்டுமென்றே செய்ததுதான். ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மேட்லாப் பழக்கமும் வேண்டும், பைத்தானின் வசதியும் வேண்டும் என்று தானே எழுதி 2003-இல் வெளியிட்டார். 2012-இல் அவர் இறந்துவிட்டார். மற்றவர்கள் சேர்ந்து நடத்திவருகிறார்கள். இலவசம், திறமூலம். உரிமத்துக்குப் பணம் கட்ட வழியில்லாத கல்லூரிகளில் படித்த என் போன்றவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

நிரலே எழுதாமல் வரைய முடியாதா?

முடியும். சார்பின் வடிவத்தைப் பார்த்தால் போதும் என்றால் ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் இரண்டும் போதும், போனிலேயே ஓடும். நானும் முதலில் அதில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பைத்தானுக்கு வருவேன். மேட்லாப்பின் எஃப்பிளாட் கொஞ்சம் புத்திசாலி: சார்பையே அதனிடம் கொடுத்துவிடலாம், வளைவு அதிகமான இடத்தில் தானாகவே புள்ளிகளை நெருக்கிக்கொள்ளும். இடைவெளி சொல்லாவிட்டால் -5 முதல் 5 வரை எடுத்துக்கொள்ளும். ஆனால் சைன் 1/எக்ஸை 0-க்குப் பக்கத்தில் வரையச் சொன்னால் எந்த மென்பொருளும் தோற்கும், அங்கே முடிவில்லாத அலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

அச்சுகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் கட்டம் கட்டமாக வருகிறது. வழி உண்டா?

உண்டு, கொஞ்சம் சுற்றுவழி. மேட்பிளாட்லிப் இயல்பாக எடுக்கும் டேஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை, அதனால் கட்டம். எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் என்றோ, விண்டோஸில் நிர்மலா என்றோ மாற்றினால் எழுத்து வந்துவிடும். சந்தோஷப்படுவதற்குள் அடுத்தது: நான் பயன்படுத்திய பதிப்புகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்தன. 'நேரம்' என்று எழுதினால் ந முதலில், கொம்பு பிறகு. யுனிகோடில் சேமிக்கும் வரிசை அதுதான். அதைக் கண்ணுக்குச் சரியாக அடுக்கும் வேலையை அந்தப் பதிப்புகள் செய்யவில்லை.

நான் செய்வது இது. பிஎல்டி.ஆர்சிபாராம்ஸ்['எஸ்விஜி.ஃபான்ட்டைப்'] = 'நன்' என்று மேலே ஒரு வரி போட்டுவிட்டு எஸ்விஜியாகச் சேமிப்பேன். அப்படிச் செய்தால் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றாமல் எழுத்தாகவே கோப்பில் வைத்துவிடும். அந்தக் கோப்பை பிரவுசரில் திறந்தால், தமிழை அடுக்கத் தெரிந்த பிரவுசர் கொம்பை அதன் இடத்தில் வைத்துக் காட்டும். அங்கிருந்து பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம். ஸீலாடெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் பிஜிஎஃப் வழியில் சேமித்தாலும் தமிழ் ஒழுங்காக வரும். இரண்டும் இல்லாமல் அவசரமாக ஒரு படம் வேண்டும் என்றால், அச்சுப் பெயரை மட்டும் காலியாக விட்டுவிட்டு, வேர்டில் ஒட்டிய பிறகு மேலே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து 'மின்னழுத்தம்' என்று தட்டிவிடுங்கள், அதை யாரும் கண்டுபிடித்ததில்லை.